படிவத்தில் ஆறு கட்டங்கள், அட்டவணையில் எத்தனை?

கேள்வி: எங்கள் ஊர்த் தையல் பயிற்சி நிலையத்துக்கு நானே இணையதளம் உருவாக்கி வருகிறேன். பதிவுப் படிவத்தில் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், வயது, கடவுச்சொல், மீண்டும் கடவுச்சொல் என்று ஆறு கட்டங்கள் இருக்கின்றன. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் அட்டவணையில் இதே ஆறு பெயர்களில் நெடுவரிசைகள் வைத்து, கைபேசிக்கும் வயதுக்கும் இன்ட் (முழு எண் வகை), மற்ற எல்லாவற்றுக்கும் வார்சார் 50 (50 எழுத்து வரை கொள்ளும் வகை) என்று கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. படிவத்தை நிரப்புவது இரண்டு நிமிட வேலை. அதில் வந்து சேரும் விவரங்களோ ஆண்டுக்கணக்கில் உங்கள் பொறுப்பில் இருக்கப்போகின்றன. ஆகவே படிவத்தை அப்படியே நகலெடுக்காமல், எதை வைத்துக்கொள்ள வேண்டும், எந்த உருவத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம்.

முதலில் கைபேசி எண். உங்கள் திட்டத்தில் முதல் நாளே உடையப்போவது இதுதான். இன்ட் வகை 2147483647 வரைதான் தாங்கும். இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்கும் பத்து இலக்க எண்கள். ஒன்றுகூட அதற்குள் அடங்காது. மைஎஸ்க்யூஎல் 5.7 முதல், பொருந்தாத மதிப்பை ஏற்காத கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) இயல்பாகவே இயங்குவதால், பிழை காட்டிப் பதிவை மறுத்துவிடும். அது நல்லது. பழைய பதிப்பிலோ, கண்டிப்பு முறையை அணைத்து வைத்திருக்கும் சர்வரிலோ மறுக்காது. 2147483647 என்று எழுதிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நின்றுவிடும். நான் ஒருமுறை சரிசெய்யப் போன தளம் ஒன்றில், பதிவு செய்த அத்தனை பேருக்கும் இதே எண் இருந்தது. மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. உண்மையான எண்களை மீட்க வழியே இல்லாமல் போனது.

இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் பிக்இன்ட் வகையை வைத்தால் எண் அடங்கும், ஆனாலும் வேண்டாம். கைபேசி எண்களை நாம் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. எண் வகையில் வைத்தால் முன்னால் வரும் 0 போய்விடும், நாட்டுக் குறியீட்டின் கூட்டல் குறியும் தங்காது. உலகத் தொலைபேசி எண்கள் நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கங்கள். வார்சார் 20 தாராளமாகப் போதும்.

அடுத்தது கடவுச்சொல். இங்கேதான் மிகுந்த அக்கறை வேண்டும். ‘மீண்டும் கடவுச்சொல்’ என்ற கட்டத்துக்கு அட்டவணையில் இடமே இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நிரல் ஒப்பிட்டுப் பார்த்ததும் அதன் வேலை முடிந்தது. முதல் கட்டத்தில் எழுதியதையும் அப்படியே சேமிக்கக் கூடாது. உங்கள் மாணவிகளில் பலர் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கக்கூடும். உங்கள் அட்டவணை கசிந்தால் அவர்களுடைய வீட்டுக் கதவும் திறந்துவிடும். பிஎச்பி மொழியில் நிரல் எழுதுகிறீர்கள் என்றால் 5.5 பதிப்பிலிருந்தே இருக்கும் ‘பாஸ்வேர்ட்_ஹேஷ்’ என்ற செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள். கடவுச்சொல்லை அது திருப்பிப் படிக்க முடியாத ஓர் எழுத்துச் சரமாக மாற்றித் தரும். இதைத்தான் ஹேஷ் என்பார்கள். எம்டி5 போன்ற வேகமான பழைய முறைகள் வேண்டாம். கிடைக்கும் வேகமே திருடர்களுக்குத்தான் உதவும்.

அந்தச் சரம், ஹேஷ் உருவாக்கும் முறைகளில் ஒன்றான பிகிரிப்ட்டில் 60 எழுத்துகள் நீளம். நீங்கள் சொன்ன வார்சார் 50 இல் அது வெட்டுப்பட்டால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ஒருவராலும் உள்ளே நுழைய முடியாது. வார்சார் 255 கொடுங்கள். நாளை வேறு முறைக்கு மாறினாலும் இடம் இருக்கும்.

பெயருக்கு ஒரே நெடுவரிசை போதும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்கும் வெளிநாட்டு மாதிரிகள் தலைப்பெழுத்து வைத்து எழுதும் நமக்குப் பொருந்தாது. பெயரைத் தமிழில் எழுதுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ‘தமிழ்ச்செல்வி’ நம் கண்ணுக்கு 7 எழுத்து. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் யூனிகோட் தனித்தனியாக எண்ணுவதால் கணினிக்கு அது 13. வார்சாரின் கணக்கும் இந்த 13 தான். எனவே பெயருக்கு 50 போதாமல் போகலாம், 150 வையுங்கள். எழுத்துக் குறிமுறையாக யூடிஎஃப்8எம்பி4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்பது நெடுங்காலமாக ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகளை மட்டுமே அனுமதித்து வந்தது. தமிழ் அதில் அடங்கும், நான்கு பைட் கேட்கும் இமோஜி அடங்காது.

வயதைச் சேமிக்காதீர்கள். அடுத்த ஆண்டே அது பொய்யாகிவிடும். தேவை என்றால் பிறந்த தேதியை டேட் வகையில் வாங்குங்கள். தேவையா என்பதையும் யோசியுங்கள். 2023 இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. தையல் வகுப்புக்குப் பள்ளி மாணவிகளும் வருவார்கள் என்பதால் சொல்கிறேன். ஆதார் எண்ணை மட்டும் எந்த யோசனையிலும் சேர்க்காதீர்கள்.

மின்னஞ்சலுக்கு வார்சார் 254, அதோடு ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு. ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று நிரலில் மட்டும் பார்த்தால் போதாது. இணையம் மெதுவாக இருக்கும்போது பொறுமையிழந்து பொத்தானை இருமுறை அழுத்துவார்கள். இரண்டு கோரிக்கைகளும் ஒரே நேரத்தில் பார்க்கும், இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே விடை கிடைக்கும், இரண்டு பதிவுகள் விழும். அதை உறுதியாகத் தடுக்கக் கூடியது அட்டவணைதான்.

படிவத்தில் இல்லாத இரண்டு நெடுவரிசைகளும் வேண்டும். ஒன்று, தானாக ஏறும் ஐடி எண். இதுவே பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை. மின்னஞ்சலையோ கைபேசியையோ அந்த இடத்தில் வைத்தால், ஒருவர் எண்ணை மாற்றும்போது கட்டண அட்டவணை, வருகை அட்டவணை எல்லாவற்றிலும் மாற்ற வேண்டிவரும். மற்றொன்று, பதிவான நேரம். டேட்டைம் வகை போதும். டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19 வரைதான் செல்லும்.

ஆக, ஐடி, பெயர், மின்னஞ்சல், கைபேசி, பிறந்த தேதி, கடவுச்சொல்லின் ஹேஷ், பதிவான நேரம். பிறந்த தேதியைத் தவிர எதையும் மதிப்பில்லாமல் (NULL) விட வேண்டாம். விவரங்களை உள்ளே அனுப்பும்போது எஸ்க்யூஎல் வரியோடு ஒட்டி எழுதாமல், கட்டளையையும் விவரங்களையும் தனித்தனியாக அனுப்பும் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் வழியாகவே அனுப்புங்கள்.

தளத்தைத் திறக்கும் முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். தமிழ்ப் பெயரும் ஓர் இமோஜியும் கொடுத்துப் பதியுங்கள். அதே மின்னஞ்சலில் இன்னொரு முறை பதிந்து, அட்டவணை மறுக்கிறதா என்று பாருங்கள். பிறகு அட்டவணைகளைப் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மின் கருவியில் அந்த வரிசையைத் திறந்து கடவுச்சொல் நெடுவரிசையைப் பாருங்கள். நீங்கள் தட்டச்சு செய்த சொல் அங்கே தெரிந்தால், தளத்தை இன்று திறக்க வேண்டாம்.