மாமனாரின் எம்.ஜி.ஏ: தாராளமாக ஓட்டுங்கள், சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: என் மாமனார் எழுபதுகளில் வாங்கிய 1958 மாடல் எம்.ஜி.ஏ 1500 ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் தோட்டத்து ஷெட்டில் நிற்கிறது. ஒன்றிரண்டு மாதத்துக்கு முன்பு அவர் காலமாகிவிட்டார். ஆர்.சி புத்தகம் அவர் பெயரில் இருக்கிறது, அடுத்த வருடம் வரை செல்லும். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி அணைத்துவிடுவோம். "இந்த மாதிரி காரை ரோட்டில் இறக்கினா மதிப்பே போயிருமுங்க. எங்கிட்ட விடுங்க, ஷோரூம் கண்டிஷனுக்குக் கொண்டுவந்து, வின்டேஜ் நம்பரும் வாங்கித் தர்றேன்" என்கிறார் ஒரு புரோக்கர். ஓட்டலாமா, மூடி வைக்கலாமா? - வாசகர், கோபிசெட்டிபாளையம்.

பதில்: ஓட்டுங்கள். மாதம் ஒரு ஞாயிறு காலையில் முப்பது கிலோமீட்டராவது ஓட்டுங்கள். அந்த ஐந்து நிமிட ஸ்டார்ட்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள், காருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். என்ஜின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் எங்கே சூடேறும்? அந்த ஈரம் ஆயிலில் கலந்து பேரிங்கை அரிக்கும், சைலன்சரில் தேங்கி உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும்.

சும்மா நிற்கிற கார் பத்திரமாக இருக்கிறது என்பது தப்பு எண்ணம். பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் இறுகிப்போகும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகப் படியும். தோட்டத்து ஷெட் என்றால் எலி வேறு. அதோடு கோபி வாய்க்கால் பாசன ஊர். காங்கேயம், தாராபுரம் மாதிரி வறண்ட காடு இல்லை. நடவு சமயத்தில் ஷெட்டுத் தரையே ஓதம் காக்கும். உங்கள் காரின் தரைப்பலகை பிளைவுட் என்பது தெரியுமா? எம்.ஜி.ஏ-வில் கம்பெனியே அப்படித்தான் போட்டது. பிளாஸ்டிக் தார்ப்பாயை எடுத்துவிட்டு, காத்துப் போகிற காடாத் துணியைப் போர்த்துங்கள்.

மதிப்பு போய்விடும் என்று பயமுறுத்தினாராக்கும். ஃபெராரி 250 ஜி.டி.ஓ உலகத்துக்கே 36 கார்தான். 1962 முதல் 64 வரை செய்தது, இன்றைக்கு விலை நூறு கோடிகளில். அதையே இங்கிலாந்தில் குட்வுட் ரேஸ் டிராக்கில் இறக்கி விரட்டுகிறார்கள். உங்களுடையது ஒரு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட மாடல், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. நம்மூரில்தான் அபூர்வம். இருபது கிலோமீட்டர் கூட ஓடினால் குறைகிற மதிப்பு இதற்குக் கிடையாது.

மதிப்பு குறைவது எங்கே என்றால், அந்த புரோக்கர் சொன்ன "ஷோரூம் கண்டிஷன்" வேலையில்தான். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

உங்கள் காரில் இருப்பது பி.எம்.சி என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பி-சீரிஸ் என்ஜின், 1489 சி.சி. நம் அம்பாசிடர் பெட்ரோல் காரில் பல வருடம் ஓடியதும் இதே குடும்பத்து 1489 சி.சி என்ஜின்தான். ஒரு வகையில் இது உங்கள் அதிர்ஷ்டம். கோபியிலோ சத்தியிலோ வயதான அம்பாசிடர் மெக்கானிக் ஒருவர் இருந்தால், டேப்பெட் வைக்கவும் பாயின்ட் சரிபார்க்கவும் அவர் போதும். ஆனால் திருட்டுக்கும் இதுவே வழி. உங்கள் என்ஜினைக் கழற்றிக்கொண்டு, காயலான் கடை அம்பாசிடர் என்ஜினை மாட்டி, உங்கள் காரின் இரண்டு எஸ்.யூ கார்புரேட்டரையும் மேலே ஏற்றி, பெயின்ட் அடித்துக் கொடுத்தால் உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா? என்ஜின் எண் சின்னத் தகட்டில்தான் இருக்கிறது. தகட்டைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரமாகும்? இப்படி என்ஜின் மாறிப்போன கார்கள் என் பட்டறைக்கே வந்திருக்கின்றன. சொந்தக்காரர் "புரோக்கர் நல்ல மனுசனுங்க" என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆகவே கார் எவர் கையில் போனாலும், முதலில் சேசிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் பென்சில் டிரேஸ் எடுத்து வையுங்கள். என்ஜின் பிளாக்கில் வார்ப்பிலேயே வந்த எழுத்துகளைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுங்கள். கழற்றுகிற பழைய பாகம் ஓட்டை உடைசலானாலும் திரும்ப வாங்குங்கள். பானெட், டிக்கி மூடி, கதவின் வெளித்தகடு எல்லாம் அலுமினியம். அதில் பட்டி பூசி இரும்புத் தகடு ஒட்டுகிறவனைக் கிட்டவே சேர்க்காதீர்கள். பெயின்ட் மங்கியிருந்தால் மங்கியிருக்கட்டும். மங்கின ஒரிஜினல் பெயின்டுக்குத் தனியாக விலை கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், மேலே ஒருதரம் அடித்துவிட்டால் அது போனது போனதுதான்.

கரன்ட் வேலைக்கு ஆள் கூப்பிட்டால், இந்தக் காரில் பேட்டரியிலிருந்து பாடிக்கு வருவது நெகட்டிவ் இல்லை, பாசிட்டிவ் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரி இருக்கும். இன்றைய பையன்கள் பழக்க தோஷத்தில் மாற்றி மாட்டிவிடுகிறார்கள்.

இனி அந்த வின்டேஜ் நம்பர். 2021 ஜூலையில் மத்திய அரசு இதற்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்குப் பின் ஐம்பது வருடம் கடந்து, ஒரிஜினல் நிலையிலேயே இருக்கும் வண்டிக்கு வின்டேஜ் பதிவு. புதுப் பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பர் நடுவில் 'வி.ஏ' என்று வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். புரோக்கர் சொல்லாமல் விடுவது இதை: வின்டேஜ் பதிவு ஆன காரை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இவற்றுக்காக மட்டும் ரோட்டில் இறக்கலாம். பண்ணாரி கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்வருவது அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் ஆர்.சி உயிரோடு இருக்கிறது. அதைச் சாதாரணப் பதிவாகவே வைத்துக்கொண்டு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி காட்டிப் புதுப்பியுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆர்.சி ரத்தாகி, மீட்க வழியே இல்லை என்றால், அல்லது வீட்டில் யாருமே இனி ஓட்டப்போவதில்லை, வருடம் ஒருமுறை ராலிக்கு மட்டும் என்றால் வின்டேஜ் பதிவு சரி. அப்போதும் 'வி.ஏ' நம்பர் என்று மயங்க வேண்டாம். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று அந்த விதியே சொல்கிறது. உங்கள் மாமனார் ஓட்டிய எண் அப்படியே இருக்கும். ஓட்டத் தடை மட்டும் கூட வரும், ஆக எண்ணுக்காக அந்தப் பதிவுக்குப் போவதில் அர்த்தமே இல்லை. புரோக்கர் "நம்பர் வாங்கித் தர்றேன்" என்று எதற்குப் பணம் கேட்கிறார் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

முதல் வேலை பெயர் மாற்றம். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, வாரிசு சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, உங்கள் மனைவியை இந்த வாரமே கிளம்பச் சொல்லுங்கள். கையால் எழுதின பழைய புத்தகம் என்றால் அதை முதலில் வாகன் என்ற அரசு வண்டிப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அங்கேதான் தொடங்கும் கூத்து. கம்பெனிப் பெயர் லிஸ்டில் இல்லை என்று ஒருவர் திருப்பி அனுப்புவார், தயாரிப்பு வருடத்துக்கு ஆதாரம் கேட்பார் இன்னொருவர். ஆர்.சி புத்தகமே சர்க்கார் கொடுத்த ஆதாரம்தானே என்று கேட்டால் பதில் வராது. இறக்குமதிக் கார் என்பதால் புதுப்பிக்கும் கட்டணமும் உள்நாட்டுக் காரைவிடப் பல மடங்கு, பசுமை வரி தனி. மாதம் முப்பது கிலோமீட்டர் ஓடுகிற காருக்கு! இந்த அலைச்சலை நம்பித்தான் புரோக்கர் பிழைக்கிறார். அலுத்துப்போய் ஆர்.சி-யை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள், நீங்களே போங்கள்.

பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு டியூப், ரப்பர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது இருபது சதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பரைக் கரைக்கும். ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகம் கூடுதலாக உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். தேய்ந்த புஷ், பின் எல்லாம் கோவை கணபதி, பீளமேடு லேத் பட்டறைகளிலேயே கடைந்து வாங்கலாம். மற்ற ஸ்பேர் இங்கிலாந்திலிருந்து இன்றும் வருகிறது. டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிரேக் சிலிண்டரைப் பிரித்துப் பார்க்காமல் கேட்டைத் தாண்ட வேண்டாம். நான்கு சக்கரமும் டிரம் பிரேக்தான். சத்தி ரோட்டில் பண்ணாரி வரை தாராளமாகப் போங்கள். அதற்கு மேல் திம்பம் மலைப்பாதை ஏற வேண்டாம்: ஏறுவது என்ஜினுக்குப் பெரிதில்லை, 27 கொண்டை ஊசி இறங்கி வருவதற்குள் டிரம் சூடேறி மிதித்தாலும் பிடிக்காது.