கூப்பிட்டது யார்?

கே: கோயில் வழக்கத்திலும் வழிபாட்டிலும் நீதிபதிகள் மூக்கை நுழைப்பது மத சுதந்திரத்தில் கைவைப்பது ஆகாதா? பக்தர்கள் யாராவது கோர்ட்டைக் கூப்பிட்டார்களா?

ப: கூப்பிட்டார்களாவது! கூப்பிட்டதே பக்தர்கள்தான். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும்போது எந்தக் கலையாரின் தனியனை (குருவைப் போற்றும் துதியை) முதலில் சொல்வது என்று, வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் 19-ஆம் நூற்றாண்டிலேயே கோர்ட் படியேறிவிட்டார்கள். இன்னும் இறங்கியபாடில்லை. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்ற சண்டை லண்டன் வரை போனதாக ஒரு கதையும் உண்டு. நிஜமோ பொய்யோ, அந்த வெள்ளைக்கார நீதிபதியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. பாதம் வைத்த நாமம், வைக்காத நாமம் என்று இரண்டு வக்கீல்களும் படம் போட்டுக் காட்ட, மனிதர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருப்பார். வாரத்துக்கு ஒரு நாமம் என்று அவர் தீர்ப்புச் சொல்லியிருந்தால், முதல் வாரம் யாருக்கு என்று அப்பீல் போட்டிருப்போம். யானையை மட்டும் யாரும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோர்ட் தலையிடுவதில் எனக்கு வருத்தமில்லை. சாஸ்திரப் பரீட்சை வைப்பதில்தான் வருத்தம். அதாவது, மதத்துக்கு அத்தியாவசியமான வழக்கத்துக்குத்தான் பாதுகாப்பு என்று சொல்லி, எது அத்தியாவசியம் என்று கோர்ட்டே தீர்மானிப்பதில். 1954-ல் ஷிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மதத்துக்கு எது அத்தியாவசியம் என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளை வைத்தே பார்க்க வேண்டும் என்றது. நல்ல வார்த்தைதான். ஆனால் பார்ப்பது யார்? நீதிபதி! ஆனந்த மார்க்கம் என்ற ஆன்மிக இயக்கத்தார் தெருவில் தாண்டவம் ஆட அனுமதி கேட்ட வழக்கில் 2004-ல் என்ன ஆயிற்று? இயக்கம் பிறந்தது 1955, தாண்டவம் வந்தது 1966. எனவே அத்தியாவசியம் இல்லை. குருவுக்கு ஞானம் 11 வருஷம் தாமதமாக வந்தது தப்பாகிவிட்டது! கத்தியும் மண்டையோடும் ஏந்தி நடுத்தெருவில் ஆடினால் பொது அமைதி கெடும் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அதைச் சொல்ல நீதிபதிக்கு முழுத் தகுதியும் உண்டு.

1986-ல் சாஸ்திரத்துக்குள் போகாமல் அப்படித்தான் செய்தார்கள். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பாடுவது தங்கள் மதத்துக்கு ஒவ்வாது என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி, அந்த நம்பிக்கை தனக்குச் சரியாகப் படுகிறதா என்று பார்க்கவில்லை. அவர்கள் மனசார நம்புகிறார்களா, அதனால் யாருக்காவது கெடுதல் உண்டா என்று பார்த்தார். பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பலாம் என்று தீர்ப்பானது.

'அப்படியானால் எல்லாவற்றையும் வழக்கத்துக்கே விட்டுவிடலாமே' என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். விட்டுப் பார்த்தாயிற்று. கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து ராமநாதபுரம் ராஜா போட்ட வழக்கில், 1908-ல் பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த அந்நாளைய கடைசி அப்பீல் கோர்ட்) வழக்கம்தான் பெரிது என்று சொல்லிக் கதவை அடைத்தது. அந்த வழக்கத்தை உடைக்க 1939-ல் மதுரையில், ஒதுக்கப்பட்டவர்களை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப்போன வைத்தியநாத ஐயரும், பின்னாலேயே ஒரு சட்டமும் வரவேண்டியிருந்தது. வாசலில் ஒருவனை நிறுத்திவைத்தால் அது சாஸ்திர விஷயம் இல்லை; அவனுடைய உரிமை விஷயம். அங்கே கோர்ட் வரத்தான் வேண்டும், கூப்பிடாவிட்டாலும்.

அப்புறம், என் பழைய பகையாளியை விட்டுவிட்டால் வழக்கமான வாசகர்கள் கோபிப்பார்கள்: ஒலிபெருக்கி. சென்னையில் ஒரு சர்ச் சம்பந்தப்பட்ட வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. எல்லா மதத்தாருக்கும் பொருந்தும் தீர்ப்பு. எல்லா மதத்தாரும் ஒற்றுமையாக அதை மீறுகிறார்கள். மத நல்லிணக்கம் இல்லை என்று யார் சொன்னது? தீர்ப்பு அவர்கள் காதில் விழவில்லை போலிருக்கிறது. அந்தச் சத்தத்தில் எப்படி விழும்?