தொதவ மொழி: கேட்டவையும் சொன்னவையும்

நீலகிரியில் ஏறத்தாழ இரண்டாயிரம் தொதவர்கள் (தோடர்கள்) வாழ்கிறார்கள். அவர்கள் மொழியின் ஒலி, இலக்கணம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். முதலிலேயே ஓர் எச்சரிக்கை: தொதவச் சொற்களை வேறு வழியில்லாமல் தமிழ் எழுத்தில் தருகிறேன். எழுதியபடி படித்தால் எந்தத் தொதவருக்கும் புரியாது.

கேள்வி: தொதவம் தமிழின் வட்டார வழக்குதானே, ஐயா?

பதில்: இல்லை. தென்திராவிடப் பிரிவைச் சேர்ந்த தனிமொழி. அதற்கு மிக நெருங்கிய உறவு தமிழ் அல்ல, நீலகிரியிலேயே பக்கத்து ஊர்களில் வாழும் கோத்தர்களின் மொழி.

கேள்வி: தமிழர் காதுக்கு எந்த ஒலி மிகவும் சிரமம்?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். 'ர'கரத்திலிருந்து தொடங்குகிறேன். தொதவத்தில் நாக்கு உருளும் ஒலிகள் ஆறு. நாக்கு நுனி பல்லின் பின்புறத்தை ஒட்டி உருள்வது ஒன்று, மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள அண்பல் மேட்டில் உருள்வது ஒன்று, நாமடித்து மேலே உருள்வது ஒன்று. இந்த மூன்றுக்கும் 'ய்' சாயல் ஏறிய இணை ஒவ்வொன்று உண்டு. துணியின் விளிம்பு, சாறு, கன்றுகளை அடைக்கும் பட்டி ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள். தமிழில் எழுதினால் மூன்றும் 'கர்' என்றுதான் வரும். 1996இல் ஸ்பாயிச், லாடெஃபோகெட், பெரி பாஸ்கரராவ் மூவரும் இந்த ஒலிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார்கள்.

அடுத்தது 'ஸ', 'ஷ' இனம். நமக்கு அதில் இரண்டே தெரியும், அவையும் இரவல். தொதவத்தில் நான்கு. குடிக்கும் 'பால்' என்பதற்கும் 'மொழி' என்பதற்கும் உரிய சொற்கள் கடைசி ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. முன்னதில் நாக்கு நுனி வேலை செய்கிறது, பின்னதில் நாக்கின் உடல் எழுகிறது. தமிழில் 'போஸ்', 'போஷ்' என்று எழுதி ஒருவாறு சமாளிக்கலாம். மற்ற இரண்டையும் தனியாகப் பிரித்து எழுதிக் காட்ட முடியாது.

போதாதென்று குரலில்லாத 'ல'கரமும் 'ள'கரமும் இருக்கின்றன. 'ல்' சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, தொண்டை அதிராமல் பக்கவாட்டில் காற்றை மட்டும் விடுங்கள். தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். அதிர்ந்தால் நீங்கள் சொல்வது சாதாரண 'ல்'தான்.

கேள்வி: உயிர் எழுத்துகள் எத்தனை?

பதில்: எழுத்து அல்ல, உயிரொலி. தொதவத்துக்கு என்று வழிவழி வந்த எழுத்து கிடையாது. உயிரொலிகள் எட்டு வகை. ஒவ்வொன்றும் குறில், நெடில் என்று பதினாறு. 'இ' சொல்ல நாக்கை வைத்து, 'உ' சொல்ல உதட்டைக் குவியுங்கள். வரும் ஒலி தமிழில் இல்லை, தொதவத்தில் உண்டு. 'எ'கரத்தையும் அப்படியே உதடு குவித்துச் சொன்னால் அதன் தங்கை கிடைக்கும்.

கேள்வி: தமிழ்ச் சொல்லைத் தொதவமாக மாற்றச் சூத்திரம் உண்டா?

பதில்: மாற்றுவதற்கு அல்ல, ஒப்பிடுவதற்கு உண்டு. நம் 'ஆ' இருக்கும் இடத்தில் அங்கே பெரும்பாலும் 'ஓ'. யான் என்பது ஓன். காசு, கோஸ். ஆள் என்பது ஓள். தொதவர் தம்மைக் குறிக்கும் சொல்லும் அதுவே. சொல்லின் கடைசி உயிர் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அதனால்தான் சொற்கள் மெய்யில் முடிந்து, சில சமயம் இரண்டு மூன்று மெய்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

கேள்வி: அவன், அவள் என்ற வேறுபாடு உண்டா?

பதில்: இல்லை. ஆண், பெண், எருமை, கல் எல்லாவற்றுக்கும் ஒரே சுட்டுப்பெயர். நம் 'அது'வின் உறவான அச்சொல்லின் கடைசியில் வருவது பல்லிடை உரசும் ஒலி. வினைச்சொல்லும் பால் காட்டாது. திராவிட மொழிகளில் பால் பாகுபாட்டை அடியோடு இழந்த இன்னொன்று பிராகூயி. ஒன்று நீலகிரியில், மற்றொன்று பலூசிஸ்தானத்தில். தனித்தனியே இழந்தவை என்பதால் இதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம். 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு மட்டும் நம்மைப் போலவே உண்டு.

கேள்வி (ஒரு தமிழாசிரியர்): பழந்தமிழ் மலைக்குப் போய்த் திரிந்ததே தொதவம் என்று மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். அதில் என்ன தவறு?

பதில்: காதைக் கேளுங்கள். தமிழில் செவி. கன்னடத்தில் கிவி, குடகில் கெவி, கோத்தத்தில் கெவ். தொதவச் சொல்லும் ககரத்தில்தான் தொடங்குகிறது. மூலத்தில் இருந்தது ககரம். இ, எ முன்னால் அது சகரமானது தமிழ் செய்த மாற்றம். 'செவிக்குணவு இல்லாத போழ்து' என்கிறது குறள். சங்கப் பாடல்களிலும் செவிதான். தொதவம் அந்தத் தமிழின் மகள் என்றால் அங்கும் சகரம் இருந்திருக்க வேண்டும்.

அதே ஆசிரியர்: கிளி, கெடு, கீழ், கேள்? இவற்றில் ககரம் அப்படியே இருக்கிறதே! உங்கள் விதி பொய்த்துவிட்டது.

பதில்: நீங்கள் சொன்ன நான்கையும் மறுபடி பாருங்கள். ளகரம், டகரம், ழகரம், ளகரம். அடுத்து நாமடி ஒலி (நாக்கை மடித்துச் சொல்லும் ஒலி) வந்தால் ககரம் மாறாது. விதிக்குள் அடங்கியவற்றையே விதிக்கு எதிராகக் கொண்டுவந்திருக்கிறீர்கள். சிதறலாகச் சில விலக்குகள் உண்டு, உங்கள் பட்டியலில் அவை இல்லை.

இன்னொருவர்: அப்படியானால் கிவி என்னும் கன்னடத்தின் கிளைதானே தொதவம்?

பதில்: இல்லை. பழையதை இருவரும் வைத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. புதியதை இருவரும் சேர்ந்து செய்திருந்தால்தான் சான்று. ககரத்தைக் காப்பாற்றியவர்கள் ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருந்தார்கள். கிவி காட்டுவது ஒன்றே: தமிழ் இந்த மாற்றத்தைச் செய்தபோது தொதவம் அதனோடு இல்லை.

மூன்றாமவர்: அசோகர் கல்வெட்டில் சேரர் பெயர் ககரத்தில் வருகிறதே, அதுவும் இதே கதையா?

பதில்: நல்ல கேள்வி. 'கேதலபுத' என்று வருகிறது, தமிழில் சேரல். இதே மாற்றமாகக் கொள்பவர்கள் உண்டு. ஆனால் ஓர் அரசமரபின் பெயர் எத்தனையோ வாய்களைக் கடந்து வந்திருக்கும். நான் காதையே நம்புகிறேன்.

கேள்வி: தொதவர்கள் சுமேரியர்கள் என்கிறார்களே?

பதில்: கிரேக்க இளவரசர் பீட்டர் அப்படிச் சொன்னார். மொழி அப்படிச் சொல்லவில்லை.

கேள்வி: தொதவப் பூவேலைச் சால்வை அசலா என்று பார்ப்பது எப்படி?

பதில்: அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. மற்றதைப் பூவேலை அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பாட்டிலும் இதே இலக்கணமா?

பதில்: பாட்டுக்குத் தனிச் சட்டம். 1930களில் நீலகிரியில் களப்பணி செய்த மொழியியலாளர் எமனோ அதைத் தொகுத்து 1971இல் பெரும் நூலாக வெளியிட்டார். ஒரு தொடரைப் பாடினால் அதன் இணைத்தொடரையும் பாடியே ஆக வேண்டும். எதற்கு எது இணை என்பது மரபில் முடிவானது. ஆட்பெயருக்கும் இடப்பெயருக்கும்கூட இணை உண்டு. புதிய நிகழ்ச்சியைப் பாடுபவரும் இந்த இருப்பிலிருந்தே எடுத்துக் கோக்கிறார். அந்த இணைகள் தெரியாதவர் சொல்லெல்லாம் தெரிந்தும் பாட்டில் வழி தவறுவார்.

கேள்வி: வணக்கம். தொதவம் தமிழின் வட்டார வழக்கா?

பதில்: மேலே மூன்று பேரோடு அதைத்தான் பேசினேன்.

கேள்வி: படுகு மொழியும் இதுதானா?

பதில்: இல்லை. படுகு கன்னடத்துக்கு நெருக்கமானது.

கேள்வி (மொழியியல் மாணவி): ஒரு மந்துக்கு (தொதவர் குடியிருப்புக்கு) போய்ச் சொற்களைப் பதிவு செய்ய இருக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?

பதில்: மந்தில் பெரியவர்களிடம் அனுமதி கேளுங்கள், பதிவு எங்கே போகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு சொல்லைத் தனியாகவும் தொடரிலும் மும்முறை சொல்லச் சொல்லுங்கள். முகத்தையும் படம் பிடியுங்கள், உதடு குவிவது ஒலிப்பதிவில் மட்டும் எளிதில் பிடிபடாது. ஒலிவாங்கி மலிவானதாக இருந்தால் நான்கு 'ஸ', 'ஷ' இன உரசொலிகளையும் பிரித்துக் கேட்பது கடினம். களத்தில் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்காதீர்கள். அனைத்துலக ஒலியெழுத்தைக் கற்றுக்கொண்டு போங்கள். 'கர்' என்று குறித்துக்கொண்டு வந்தால், நீங்கள் கேட்டது சாறா, பட்டியா என்று கேட்க மறுபடி மலையேற வேண்டியிருக்கும்.