சலிக்கும்வரை நடக்கலாம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யாத்திரையும் தியானமும்தான். பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவள். ஓய்வு பெற்றபின் சில இடங்களுக்கு நடந்து போனேன், ஒன்றில் பாதியில் திரும்பினேன். குருவும் இல்லை, சிஷ்யையாகக்கூடத் தேறவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: எனக்கு 61 வயது. கைலாய யாத்திரை நாற்பது வருஷ ஆசை. பிள்ளைகள் "இந்த வயதில் வேண்டாம்" என்கிறார்கள். தோழியோ "பக்தி இருந்தால் உடம்பு தானாக ஒத்துழைக்கும்" என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

மூன்றாவதாக ஒருவரைக் கேளுங்கள் அம்மா, மருத்துவரை. இந்த யாத்திரையில் வயதைவிட உயரம்தான் பெரிய விஷயம். மானசரோவர் ஏரிக்கரையே ஏறக்குறைய 4,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அங்கே கடற்கரையில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மலையைச் சுற்றும் பாதை சுமார் 52 கிலோமீட்டர், பெரும்பாலும் மூன்று நாள் நடை. இரண்டாம் நாள் ஏறும் டோல்மா லா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டுகிறது.

மலைநோய் ஆளைப் பார்த்து வருவதில்லை. ஓட்டப்பந்தய வீரரைப் படுக்கவைக்கும், மெதுவாக ஏறிய பாட்டியை விட்டுவிடும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலையேறுகிறவர்கள் பின்பற்றும் விதி. தலைவலி, குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலும் கால்விரலும் தொட ஒரே கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, இரவாக இருந்தாலும் கீழே இறங்கிவிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. என்னை அழைத்துப்போன ஏற்பாட்டாளர் (பெயர் எதற்கு?) செலவைச் சுருக்க ஓய்வு நாள்களை வெட்டியிருந்தார். அட்டவணை கைக்கு வந்தபோதே நான் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். ஆயுசு முழுக்க அடுத்தவர் கணக்கில் பிழை பிடித்தவள், என் கணக்கைப் பார்க்கவில்லை. முதல் நாள் நடை முடியும் டிராபுக்கில் கைலாயத்தின் வடக்கு முகம் கண்ணெதிரே நிற்கும். அதைப் பார்த்தபடி நின்றேன், தலை பிளந்தது. வழிகாட்டிப் பையன் தன் கோலால் தரையில் ஒரு கோடு கிழித்து நடக்கச் சொன்னான். இரண்டாவது அடியில் சாய்ந்தேன். அன்றிரவே என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள். அந்தக் கணவாயை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அப்பர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைலாயம் போகிறேன் என்று கிளம்பி, பாதம் தேய்ந்து, கையால் தாவி, மார்பால் ஊர்ந்து, கடைசியில் உருண்டும் போனார். "திரும்பிப் போ" என்றே அவருக்கும் சொல்லப்பட்டது. அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார், காட்சியும் அங்கேதான் கிடைத்தது. அவரையே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், எனக்கென்ன வருத்தம் என்று சொல்லிக்கொள்வேன். பொய்தான், கொஞ்சம் வருத்தம் உண்டு.

நீங்கள் போவதென்றால் ஓய்வு நாள்கள் உள்ள அட்டவணையாகப் பார்த்துச் சேருங்கள். பாதையில் உங்களுக்கு எதிர்த்திசையில் வலம் வருகிறவர்களைக் கண்டால் வழி தவறியவர்கள் என்று கூப்பிட்டுச் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் திபெத்தின் பழைய மதமான போன் (Bon) மதத்தவர்கள், அந்த மலையை இடமாகத்தான் சுற்றுவார்கள். நான் கூப்பிட்டுச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார்கள்.

கேள்வி: பத்து நாள் மௌன விபாசனா தியான முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வயது 28. போன் இல்லாமல், பேசாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அங்கே என்னதான் நடக்கும்?

ஒன்றும் நடக்காது தம்பி. கஷ்டமே அதுதான்.

விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள். நாலரைக்கு உட்கார வேண்டும். நடுநடுவே இடைவேளை விட்டு, நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் போல உட்கார்ந்தே இருப்பீர்கள். இரவு ஒரு பேச்சு கேட்கலாம். ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. பேச்சு, போன், புத்தகம், பேனா எதுவும் கிடையாது, பக்கத்தில் இருப்பவரிடம் சைகை காட்டவும் கூடாது. சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்கலாம், தங்குமிடத்தில் சிக்கல் என்றால் நிர்வாகியிடம் சொல்லலாம். முதல் மூன்று நாளும் மூக்கின் நுனியில் மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்கும் வேலை மட்டும்தான். நான்காம் நாள் உடம்பு முழுக்கக் கவனத்தை நகர்த்தக் கற்றுத் தருவார்கள். அன்றிலிருந்து தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் காலையும் கையையும் அசைக்காமல், கண்ணைத் திறக்காமல் உட்கார முயலச் சொல்வார்கள்.

இந்த முகாம்களைப் பரப்பிய கோயங்கா பர்மாவின் மண்டலேயில் பிறந்த வியாபாரி. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடித்தான் 1955-இல் சயாஜி ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த ஊ பா கின், சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். என் தொழில்காரர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். கோயங்கா 1969-இல் இந்தியாவுக்கு வந்து சொல்லித்தரத் தொடங்கினார். முகாமுக்குக் கட்டணம் கிடையாது. முடித்தவர்கள் மட்டும் விரும்பினால் நன்கொடை தரலாம், முடிக்காதவர் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். மதம் மாற்றுவார்களோ என்று வீட்டில் யாராவது கேட்டால், எல்லா மதத்தவரும் வருகிறார்கள், வரும்போது இருந்த மதத்தோடேயே திரும்புகிறார்கள் என்று சொல்லுங்கள்.

இனி பைத்தியம் விஷயம். இதைச் சிரித்து ஒதுக்கமாட்டேன். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு போன்றவை முன்பு வந்திருந்தால், இப்போது மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், போக வேண்டாம். விண்ணப்பத்திலேயே இதைக் கேட்பார்கள், மறைக்காமல் எழுதுங்கள். நீளமான மௌனமும் தியானமும் சிலரின் மனநிலையை நிஜமாகவே குலைத்திருக்கின்றன. மருந்தை முகாமுக்காக நிறுத்திவிட்டுப் போவது எல்லாவற்றையும்விட மோசம்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், உங்களைக் காத்திருப்பது சலிப்பு. இரண்டாம் நாள் மதியம் அது வந்தது எனக்கு. முன்வரிசைப் பெண்ணின் சால்வையில் எத்தனை முடிச்சு என்று எண்ணி முடித்தேன், நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினால் நாற்பத்தொன்று. அந்த ஒரு முடிச்சுக்காக அரை நாள் தவித்தேன். ஆறாம் நாள்தான் உறைத்தது: முப்பது வருஷமாக அலுவலகத்தில் நான் செய்ததும் இதுவேதான். ஒரு பைசா இடித்தாலும் தூங்கமாட்டேன், கூட இருப்பவர்களையும் தூங்கவிடமாட்டேன். அது கடமை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் அது. ஒளி, தரிசனம் என்று எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. இது ஒன்றுதான் கிடைத்தது.

ஆகவே சலிப்பு வரும்போது ஓடிவிடாதீர்கள். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பெட்டியைக் கட்டத் தோன்றும் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். நான் இரண்டு நாளும் கட்டினேன், பிறகு பிரித்தேன். பத்தாம் நாள் மௌனம் கலைந்ததும் அந்தச் சால்வைக்காரியிடம்தான் முதலில் பேசினேன். கேட்கவா வேண்டும்? முடிச்சு எத்தனை என்று அவளுக்கும் தெரியவில்லை.

கேள்வி: பேருந்தில், காரில் போனால் யாத்திரை ஆகாதா? நடந்தால்தான் பலனா?

பலனை அளக்கும் கோல் என்னிடம் இல்லை. நடைமுறை என்னவென்று சொல்கிறேன். ஸ்பெயினில் கிறிஸ்தவ யாத்ரீகர்கள் நடக்கும் சாந்தியாகோ பாதையில் சான்றிதழ் வேண்டுமென்றால் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும், சைக்கிளில் என்றால் 200. ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றும் பாதை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். அங்கே இன்று பெரும்பாலோர் பேருந்திலும் காரிலும்தான் போகிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை.

முழங்கால் போனவர் வண்டியில் போகட்டும். ஆனால் நடக்க முடிந்தவர் ஒரு பகுதியையாவது நடக்க வேண்டும் என்பது என் கட்சி. வண்டியில் போனால் இரண்டு கோயிலுக்கு நடுவே தூங்கிவிடுவோம். நடப்பவருக்கு அந்த இடைவெளிதான் யாத்திரை.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, என் கணவருக்குத் துளியும் கிடையாது. "உன்கூட நானும் நடந்து வருகிறேன், ஆனால் கும்பிடமாட்டேன்" என்கிறார். அழைத்துப் போகலாமா? இல்லை, தனியாகப் போவது நல்லதா?

கும்பிடாமல் கூட நடப்பவர் தேவலை அம்மா. கும்பிட்டுக்கொண்டே குறை சொல்கிறவரோடு நான் போயிருக்கிறேன்.

சாந்தியாகோவில் யாத்ரீகர் அலுவலகத்தில் ஏன் நடந்தாய் என்று கேட்பார்கள். மதத்துக்காகவோ ஆன்மிகத்துக்காகவோ என்றால் ஒரு சான்றிதழ், அது இல்லை என்றால் வேறொரு சான்றிதழ். நடந்துவந்தவர் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. எனக்குப் பின்னால் நின்ற இளைஞர் "காரணம் இன்னும் தெரியவில்லை" என்றார். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண்மணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அதே பதிலை எத்தனை பேர் சொன்னார்களோ.

ஒரு நிபந்தனை மட்டும் முன்கூட்டியே பேசிவையுங்கள். காலை முதல் இரண்டு மணி நேரம் தனித்தனியாக நடப்பது, முன்னால் போகிறவர் அடுத்த ஊரில் காத்திருப்பது. இல்லையென்றால் வீட்டு வாடகை, மகனின் மதிப்பெண், நாத்தனார் சொன்னது எல்லாம் கூடவே நடந்துவரும். தனியாகப் போனாலும் பயமில்லை. ஷிகோகு யாத்ரீகரின் தொப்பியில் "இருவர் சேர்ந்து போகிறோம்" என்று பொருள்படும் வாசகம் எழுதியிருக்கும். கையிலிருக்கும் கோல்தான் கூடவரும் கோபோ தாய்ஷி, 774-இல் பிறந்த துறவி. ஒரு பாலத்தடியில் அவர் இரவைக் கழித்ததாகச் சொல்வார்கள். அதனால் பாலத்தின்மேல் நடக்கும்போது கோலைத் தட்டமாட்டார்கள், கீழே அவர் தூங்கிக்கொண்டிருக்கலாம் என்று. நம்பிக்கை இல்லாத உங்கள் கணவருக்கும் இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஆன்மிக வளர்ச்சிக்கு எத்தனை தலங்களாவது பார்த்திருக்க வேண்டும்?

ரமணர் 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தபோது வயது 16. 1950-இல் உடலை விடும்வரை வேறெங்கும் போகவில்லை. ஆகவே, ஒன்று.

கேள்வி: ஒரு ஆசிரமத்தில் மூன்று வாரம் தங்கித் தியானம் கற்றுவந்தேன். திரும்பியதும் முதல் வாரம் எல்லாம் மிதப்பது போல இருந்தது. இரண்டே மாதத்தில் பழைய கோபம், பழைய அவசரம். காசும் விடுப்பும் வீணா? இன்னொரு பெரிய இடத்துக்குப் போக வேண்டுமா?

பெரிய இடம் வேண்டாம் ஐயா, இப்போதைக்கு எந்த இடமும் வேண்டாம். அந்த மிதப்பில் பாதி, மூன்று வாரம் உங்களை யாரும் எதுவும் கேட்காததால் வந்தது. அது கரைந்ததில் அதிசயமில்லை. அதைத் தேடித் திரும்பத் திரும்பப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஆசிரமத்திலும் முந்தைய ஆசிரமத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

அங்கே கற்றதில் எது ஒன்று இன்னும் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றாவது இருக்கும். விபாசனா முகாமில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி வீட்டில் உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். நான் நாற்பது நாள் உட்கார்ந்தேன். பிறகு அது காலை மட்டும் என்றாகி, அரை மணியாகி, இப்போது இருபது நிமிடத்தில் வந்து நிற்கிறது. பல நாள் அந்த இருபதில் பதினெட்டு நிமிடம் கடையில் வாங்க வேண்டியவற்றின் பட்டியல்தான் ஓடும். கோபம் எனக்கும் போகவில்லை. வருவது மட்டும் முன்னாலேயே தெரிகிறது, தாடையில் ஓர் இறுக்கமாக. சில நாள் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். சில நாள் பார்த்துவிட்டும் கத்துகிறேன்.

அடுத்த பயணத்துக்கு ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். அதுவரை தினமும் ஒரே பாதையில் ஒரு மணி நேரம், காதில் எதையும் மாட்டாமல் நடந்து பாருங்கள். மூன்றாவது வாரம் அலுத்துவிடும். அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.