காரை வீட்டுக்காரர்களின் கேள்விகள்: செட்டிநாட்டுச் சுண்ணாம்பும் ஆத்தங்குடிக் கல்லும்

கேள்வி: ஐயா, தாத்தா கட்டிய வீடு. சுவரடியில் உப்புப் பூத்துச் சுண்ணாம்புக் காரை உதிருது. சிமெண்ட் பூசிடலாம்னு கொத்தனார் சொல்றார்.

பதில்: வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். பூச்சுக்கு மேலே, இன்னும் உயரத்தில் உப்புப் பூக்கும். சுவரோரம் மழைத்தண்ணீர் தேங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சுண்ணாம்பே பூசுங்கள்.

கேள்வி: முட்டைப் பூச்சு நிஜமா, கதையா?

பதில்: நிஜம்தான். ஆனால் சுவர் முழுக்க முட்டை இல்லை. அடியில் மணல் கலந்த காரை, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தது. மேலே போகப் போக நைசாகும். கடைசி மெல்லிய பூச்சில்தான் கிளிஞ்சல் சுண்ணாம்போடு வெள்ளைக்கரு. வெண்ணெய் மாதிரி அரைத்து, ஈரம் காய்வதற்குள் தேய்க்கிற கை இல்லாவிட்டால் எத்தனை முட்டை உடைத்தாலும் மினுமினுப்பு வராது.

கேள்வி: தரைக்குப் போடுற ஆத்தங்குடிக் கல்லை எத்தனை நாள் சூளையில் சுடுவாங்க?

பதில்: சுடுவதே இல்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்து நிறக்குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பார்கள். கண்ணாடி தொட்ட பக்கம்தான் அந்த வழவழப்பு.

கேள்வி: அப்போ அதிலயே சிமெண்ட் இருக்கே அண்ணே! தேக்கு பர்மா, பளிங்கு இத்தாலி. உள்ளூர்ச் சரக்கு எங்கே?

பதில்: விட மாட்டீர்களே! சிமெண்ட் தரைக்குப் போனதில் எனக்குச் சண்டை இல்லை, சுண்ணாம்புச் சுவர் மேல் ஏறுவதில்தான். கப்பலில் வந்ததெல்லாம் பெரும்பாலும் முகப்புக்கும் பட்டாலை என்கிற கூடத்துக்கும், வருகிறவர்கள் பார்க்க. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தேக்கு வரத்து தடைப்பட்டது. சுவரைப் பிடித்து நிற்பது இன்றும் காரைதான். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில், நின்று மேலே பாருங்கள்: நாட்டு ஓட்டுச் சரிவு நாலு பக்க மழையையும் முற்றத்தில் இறக்குகிறது. வறண்ட சீமைக்காரன் போட்ட கணக்கு அது, இத்தாலியிலிருந்து வந்ததில்லை.

கேள்வி: மாடி ஒழுகுது, மேலே சிமெண்ட்...

பதில்: முதல் பதில்.

கேள்வி: வெள்ளைச் சிமெண்ட்?

பதில்: அதுவும் சிமெண்ட்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல்லை ஆசிட் விட்டுக் கழுவலாமா?

பதில்: நிறம் போய்விடும். தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், போதும்.

கேள்வி: சதுர அடி என்ன விலை?

பதில்: பட்டறையில் கேளுங்கள்.

கேள்வி: சுவருக்குப் பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: அது சிமெண்டுக்குத் தம்பி.