பாட் இல்லாத ட்ரம் மொடியூல் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் உப்புவெளி. மூன்று வருடமாக ஒரு இசைக்குழுவில் ஒக்டபாட் (குச்சியால் அடிக்கிற எட்டு ரப்பர் தட்டு, அதாவது பாட், உள்ள எலக்ட்ரானிக் பெட்டி) வாசிக்கிறேன், ஆனால் அது குழுவின் சாமான். இப்போது வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பாவித்த ரோலண்ட் டிடி-17 மொடியூலை, பாட் ஒன்றும் இல்லாமல், ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குத் தருகிறேன் என்கிறார். பெரிய ட்ரமர்கள் எல்லோரிடமும் மொடியூல் இருப்பதை யூடியூப்பில் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி.

1985இல் வந்த முதல் ரோலண்ட் ஒக்டபாட்டில் எட்டுப் பாட் இருந்தது, ஆனால் அதற்கென்று சொந்தச் சத்தம் கிடையாது. அடித்தால் மிடி (சத்தத்தை அல்ல, எதை எவ்வளவு பலமாக அடித்தோம் என்ற செய்தியை மட்டும் அனுப்பும் முறை) வயர் வழியாக வேறொரு பெட்டிக்குச் செய்தி போகும், அந்தப் பெட்டிதான் ஒலிக்கும். உங்களுக்கு இப்போது விற்க வருவது அந்த இரண்டாவது பெட்டி மாதிரியான சாமான். சத்தம் எல்லாம் உள்ளே இருக்கிறது, அடிக்க இடம் இல்லை. பாட், சிம்பல், ஹைஹட் பெடல், ஸ்டாண்ட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிக்கும்போது அந்த ஒன்றரை இலட்சம் வெறும் அட்வான்ஸ் காசு மாதிரித் தெரியும்.

டிடி-17இல் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாட்களில் பெரும்பாலானவை ஒரே அகலமான 25 முனை பிளக் வழியாகத்தான் உள்ளே போகின்றன. அதன் மறுபக்கம் வயர்கள் கொத்தாகப் பிரிந்து ஒவ்வொரு பாட்டுக்கும் போகும். அந்த வயர் இல்லாமல் வந்தால் மொடியூலில் மிஞ்சுவது இரண்டு தனி ஜக் மட்டும். ஆகவே அவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை இல்லை, "வயர் இருக்கா?" என்றுதான்.

சரி, தொழில்முறைக்காரர்கள் ஏன் வைத்திருக்கிறார்கள்? நான் பார்த்த வரையில் மேடையில் முழு எலக்ட்ரானிக் கிட்டைப் போட்டு வாசிப்பவர்கள் குறைவு. அவர்கள் உண்மையான ட்ரம்மின் விளிம்பில் அதிர்வை உணரும் ஒரு சின்ன ட்ரிகரைக் கவ்வ வைத்து, அதை மொடியூலில் கொடுத்து, அடிக்கிற கிக்கின் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) கீழே இன்னொரு கனமான கிக் சத்தத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். திறந்தவெளியில் மைக்கை மட்டும் நம்பி இருந்தால் கடல் காற்று பாதியைக் கொண்டு போய்விடும், திருகோணமலை டச்சு பே பக்கம் ஒரு தடவை வாசித்தவர்களுக்கு இது தெரியும். அடுத்தது, சவுண்ட் காரருக்குக் கிக்கையும் ஸ்னெயரையும் தனித்தனி வயரில் கொடுப்பது. அதே ரோலண்ட் வரிசையில் பெரிய மொடியூலான டிடி-50இல் அதற்கென்றே எட்டு நேரடி அவுட் உண்டு, டிடி-27இல் இரண்டு, டிடி-17இல் மாஸ்டர் அவுட் மட்டும்தான். ஸ்டூடியோவில் என்றால் மொடியூலின் சத்தத்தையே பலர் எடுப்பதில்லை. யூஎஸ்பியில் மிடியாகப் பதிந்துவிட்டு, பிறகு கணினியில் வேண்டிய ட்ரம் சத்தத்தை ஏற்றுகிறார்கள். லப்டொப்பை மேடையிலேயே பாவித்தால் பஃபரை (கணினி சத்தத்தை வெளியே விட முன் சேர்த்து வைக்கும் அளவை) குறைத்து வையுங்கள். 128 சாம்பிள் என்றால் 44.1 கிலோஹேர்ட்ஸில் ஏறக்குறைய 3 மில்லி செக்கன் தாமதம், கை அதை உணராது. 1024க்கு விட்டால் 23 மில்லி செக்கன், வாசிக்கவே எரிச்சல் வரும்.

உங்கள் வேலை என்ன? கோயில் திருவிழா மேடை, கல்யாண வீடு, சினிமாப் பாட்டு. தபேலா, டோலக், தவில் மாதிரிச் சத்தம், நடுவில் ஒரு கைதட்டல். அதற்கு எஸ்பிடி-30 ஒக்டபாட்டே போதும், 670 சத்தம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் நீங்களே பதிந்த சத்தத்தை அதில் ஏற்ற முடியாது. உங்கள் குழுவின் தவில்காரர் அடித்ததைப் பதிந்து அதையே வாசிக்க ஆசை என்றால் எஸ்பிடி-எஸ்எக்ஸ் பக்கம் பாருங்கள். அதில் ஒன்பது பாட், மாஸ்டர் அவுட்டோடு தனியாக சப் அவுட்டும் இருப்பதால் கிக்கை அந்த வழியில் சவுண்ட் காரருக்குத் தனியாகக் கொடுக்கலாம்.

அப்படியும் மனம் மொடியூலில்தான் நிற்கிறது என்றால், காசு கொடுக்க முன் ஒரு பாட்டையும் ஹெட்ஃபோனையும் கொண்டு போங்கள். ஒவ்வொரு ஜக்கிலும் பாட்டைச் செருகி மெதுவாகவும் பலமாகவும் அடித்துப் பாருங்கள், செருகிய பிளக்கை லேசாக ஆட்டியும் பாருங்கள். கரகரத்தால் துரு அல்லது சோல்டர் விட்டிருக்கிறது; எங்கள் கடற்கரைக் காற்றில் இரண்டும் நடக்கும். சுற்றுகிற குமிழை ஒவ்வொரு படியாகத் திருப்புங்கள், எண் முன்னும் பின்னும் தாவினால் விலையைக் குறைத்துப் பேசலாம்.

அடப்டரை மறக்காதீர்கள். இந்த ரோலண்ட் பெட்டிகளுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடப்டர் பெரும்பாலும் நடுமுனை பொசிட்டிவ், பிளக்கும் சில நேரம் சரியாகப் பொருந்திவிடும். நான் ஒரு திருவிழா இரவில் அவசரத்துக்கு அப்படி ஒன்றைச் செருகினேன். என் பழைய மொடியூல் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியது, பிறகு வாய் திறக்கவே இல்லை.

கேள்வி: புதிதாக ஒரு பாட் வாங்கி ஐந்து வாரம் ஆகிறது. ஒரு தரம் அடித்தால் இரண்டு தரம் கேட்கிறது. கடைக்காரர், "நீங்க பலமா அடிச்சிட்டீங்க" என்கிறார். என்ன செய்யலாம்? — கிண்ணியா வாசகர்

பதில்: கடைக்காரரோடு சண்டைக்குப் போக முன் செட்டிங்கைப் பாருங்கள். மாஸ்க் டைம், ரீட்ரிகர் கான்சல் என்று மெனுவில் இருக்கும், இரண்டையும் கொஞ்சம் கூட்டினால் இரட்டைச் சத்தம் பெரும்பாலும் போய்விடும். ஸ்டாண்ட் சப் ஊஃபருக்குப் பக்கத்தில் நின்றாலும் அதிர்வில் தானாக அடிக்கும், ஒரு ரப்பர் விரிப்புப் போட்டுப் பாருங்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் பழுது அவர்களுடையது. பலமாக அடிப்பதற்குத்தானே பாட் செய்கிறார்கள்! பற்றுச்சீட்டையும் வொரண்டி அட்டையையும் எடுத்து வையுங்கள், இரட்டைச் சத்தத்தைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுங்கள். கடை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம், 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் விபரம் சொல்வார்கள். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு ஐந்து வாரம் போய்விட்டது, கடைக்காரர் "அடுத்த கிழமை பார்ப்பம்" என்று இழுத்துக்கொண்டிருந்தால் மீதி ஏழெட்டு வாரமும் அப்படியே கரைந்துவிடும், ஆகவே கடிதத்தை இந்தக் கிழமையே எழுதுங்கள்.