செல்லுக்குள் ஒளிந்த வைரஸை டி செல்கள் அறிவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: வைரஸ் செல்லுக்குள் நுழைந்துவிட்டால் ஆன்டிபாடிகளுக்கு எட்டாது என்று படித்தேன். அப்படியானால் உடல் அதை எவ்வாறு கண்டுபிடிக்கிறது?

பதில்: நீங்கள் படித்தது பெரும்பாலும் சரியே. ஆயினும் செல் தன்னுள் நடப்பதை ஓயாமல் வெளியே காட்டிக்கொண்டே இருக்கிறது. பழுதான புரதங்களையும் தேவை முடிந்த புரதங்களையும் புரோட்டியசோம் என்னும் பீப்பாய் வடிவ அமைப்பு துண்டு துண்டாக வெட்டுகிறது. அத்துண்டுகளில் சில, டாப் என்னும் கடத்துப் புரதத்தின் வழியே செல்லுக்குள் உள்ள சவ்வு வலையான எண்டோபிளாச வலைக்குள் செல்கின்றன. துண்டுகளைத் தாங்கிச் செல்லின் மேற்பரப்பில் காட்டும் எம்.எச்.சி. முதல் வகை மூலக்கூறுகள் அங்கே காத்திருக்கின்றன. பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் நீளமுள்ள ஒரு துண்டு அவற்றின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தினால், இரண்டும் சேர்ந்தே செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. வைரஸுக்குப் புரதம் செய்யும் ரைபோசோம் சொந்தமாகக் கிடையாது. தன் புரதங்களை அது செல்லின் ரைபோசோம்களைக் கொண்டே செய்துகொள்ள வேண்டியிருப்பதால், அப்புரதங்களும் இந்த வெட்டுக்குத் தப்புவதில்லை. மேற்பரப்பில் தோன்றும் வைரஸ் துண்டை, கொல்லி டி செல் என்னும் வெள்ளணு அடையாளம் கண்டு, அந்தச் செல்லையே அழிக்கிறது.

கேள்வி: எது தன் துண்டு, எது வைரஸின் துண்டு என்று துண்டுகளைக் காட்டும் செல்லுக்குத் தெரியுமா?

பதில்: தெரியாது. பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நோயற்ற செல்லும் தன் துண்டுகளை இதே முறையில் எப்போதும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது; அது எழுப்பும் அபாயக் குரல் அன்று இது, அன்றாட வேலை. வேறுபடுத்தி அறியும் பொறுப்பு டி செல்லுடையது. நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் டி செல்கள் உருவாகும்போது, உடலின் சொந்தத் துண்டுகளை வலுவாகப் பற்றுபவற்றில் பெரும்பாலானவை அங்கேயே நீக்கப்படுகின்றன. எஞ்சியவை சொந்தத் துண்டுகளைப் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் செய்யும் ஆன்டிஜென் பரிசோதனை இதைத்தான் பார்க்கிறதா?

பதில்: இல்லை. அது மாதிரியில் உள்ள வைரஸ் புரதத்தை நேரடியாகக் கண்டறிகிறது, எம்.எச்.சி.க்கு அதில் பங்கில்லை.

கேள்வி: எல்லாச் செல்களும் துண்டுகளைக் காட்டுகின்றன என்றால், நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த டென்ட்ரைடிக் செல்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பதில்: உட்கரு உள்ள ஏறத்தாழ எல்லாச் செல்களும் முதல் வகை மூலக்கூறைத் தாங்கியிருப்பது உண்மை. ஆனால் இதுவரை எந்தக் கிருமியையும் சந்தித்திராத டி செல், துண்டைப் பார்த்த மாத்திரத்தில் விழித்துக்கொள்வதில்லை. துண்டோடு சேர்த்து சிடி80, சிடி86 போன்ற துணைச் சைகைகளும் அதற்குக் கிடைக்க வேண்டும். அவற்றை நிறைவாகத் தருவது, தொற்றின் அறிகுறிகளை உணர்ந்து முதிர்ந்த டென்ட்ரைடிக் செல்லே. அது திசுவில் வைரஸ் பொருளை விழுங்கி, நிணநீர் நாளம் வழியே நிணநீர்க் கணுவுக்குச் சென்று, ஆங்கே வந்துபோகும் டி செல்களுக்குக் காட்டுகிறது. விழுங்கிய பொருளை எண்டோசோம் என்னும் சிறு பையில் சிதைத்து, அதில் கிடைக்கும் சற்று நீண்ட துண்டுகளை எம்.எச்.சி. இரண்டாம் வகையில் ஏற்றி உதவி டி செல்களுக்குக் காட்டுவது வழக்கமான பாதை. அதற்கும் மேலாக, விழுங்கிய பொருளின் துண்டுகளை முதல் வகை மூலக்கூறிலும் ஏற்ற அதனால் முடியும். குறுக்கு முன்னிறுத்தல் எனப்படும் இத்திறனைத்தான் நான் மிகவும் வியக்கிறேன். தான் தொற்றுக்கு ஆளாகாமலே, வேறு திசுச் செல்லைத் தாக்கிய வைரஸுக்கு எதிராகக் கொல்லி டி செல்களைத் தயார்செய்ய டென்ட்ரைடிக் செல்லுக்கு வழி செய்வது இதுவே.

கேள்வி: வைரஸ்கள் இதை முறியடிக்க முயல்வதில்லையா?

பதில்: முயல்கின்றன, ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் முயல்கின்றன. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் ஐசிபி47 என்னும் புரதம் டாப் கடத்தியின் வாயை அடைத்துவிடுகிறது. மனித சைட்டோமெகலோ வைரஸோ, புதிதாக உருவான முதல் வகை மூலக்கூறுகளை எண்டோபிளாச வலையிலிருந்து வெளியே இழுத்து, புரோட்டியசோமுக்கே இரையாக்குகிறது. ஆனால் மேற்பரப்பில் முதல் வகை மூலக்கூறு அறவே குறைந்துபோன செல், இயற்கைக் கொல்லி செல்கள் என்னும் வேறொரு வகை வெள்ளணுக்களின் தாக்குதலுக்கு இலக்காகிறது. ஏனெனில் அவற்றை அடக்கிவைக்கும் சைகையைத் தருவதே அந்த மூலக்கூறுதான். இந்தப் பொறியிலிருந்தும் தப்ப எச்.ஐ.வி. ஒரு வழி கண்டிருக்கிறது: அதன் நெஃப் புரதம், மனிதரின் எம்.எச்.சி.யான எச்.எல்.ஏ.வின் ஏ, பி வகைகளை மேற்பரப்பிலிருந்து அகற்றிவிட்டு, இயற்கைக் கொல்லி செல்களைத் தடுக்க உதவும் சி வகையை விட்டுவைக்கிறது.

கேள்வி: ஒருவருடைய டி செல் இன்னொருவருடைய தொற்றுள்ள செல்லை அழிக்குமா?

பதில்: எம்.எச்.சி. பொருந்தாவிட்டால், அந்த வைரஸை அடையாளம் கண்டு பொதுவாக அழிக்காது. கான்பெராவில் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் எல்.சி.எம்.வி. என்னும் வைரஸ் தொற்றிய சுண்டெலிகளில் இதைக் கண்டு 1974இல் வெளியிட்டார்கள். வைரஸ் ஒன்றாகவே இருந்தும், எம்.எச்.சி. வேறான எலியின் செல்களை அந்த டி செல்கள் கொல்லவில்லை. டி செல் வைரஸ் துண்டைத் தனியாகப் பார்ப்பதில்லை, எம்.எச்.சி.யோடு சேர்த்தே பார்க்கிறது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. 1996இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதர்களிடம் எம்.எச்.சி.யே எச்.எல்.ஏ. எனப்படுகிறது, அதன் மரபணுக்களுக்கு ஆயிரக்கணக்கான மாற்றுருக்கள் உள்ளன, ஒவ்வொன்றின் பள்ளமும் வெவ்வேறு துண்டுகளை ஏற்கிறது. ஆகவே ஒரே வைரஸிலிருந்து உங்கள் செல்கள் காட்டும் துண்டுகளும் என் செல்கள் காட்டும் துண்டுகளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எச்.எல்.ஏ.-பி57 உடையவர்களில் சிலர் மருந்தின்றியே எச்.ஐ.வி.யை நெடுங்காலம் கட்டுக்குள் வைத்திருப்பதற்கு, மாறினால் வைரஸுக்கே கேடாகும் பகுதிகளிலிருந்து அந்த மாற்றுரு துண்டுகளை எடுத்துக் காட்டுவது ஒரு முக்கியக் காரணம்.